மறுப்பு: இல்லை

மடுவு நெல்லிக்கொல்லை
11.2.2024

அன்பரசிக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "இருக்கேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மிச்சப் பக்கத்தைக் காலியாக விடுவாய். ஆலங்காயம் ஹாஸ்டலில் கட்டுரைத் தாளையே அப்படி விட்டவள்தானே நீ.

உன் பொங்கல் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. ஏன் என்று கேள். கவரில் "நெல்லிக்கொல்லை, ஜவ்வாது மலை" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அது ஜமுனாமரத்தூர் போய், மேட்டு நெல்லிக்கொல்லைக்குப் போய், அங்கே ஒரு திரௌபதி வீட்டில் மூணு வாரம் இருந்திருக்கிறது. அந்தத் திரௌபதிக்கு அறுபது வயசாம். யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். "எனக்கு இன்னாத்துக்கு மெட்ராஸ்ல இருந்து ஒருத்தி முத்தம் குடுக்கறா?" என்று கேட்டுவிட்டுச் சந்தைக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்பியதாம்.

இந்த மலையில் பிறந்தவள்தானே நீ? நெல்லிக்கொல்லை ரெண்டு என்பது மறந்துபோச்சா? நடுவில் ஒரு பள்ளத்தாக்கு கிடக்கிறது. ஜீப்பில் சுற்றிக்கொண்டு போனால் ரெண்டு மணி நேரம். இனிமேல் முதலில் "மடுவு" என்று எழுது, அப்புறம் "புதூர்நாடு வழி" என்று எழுது, அப்புறம்தான் என் பேர்.

இங்கே எல்லாரும் சுகம். என் வீட்டுக்காரர் லட்சுமணன் கேரளாவில்தான் இருக்கிறார், பங்குனிக்கு வருவதாகச் சொன்னார். தம்பி சின்னதம்பியும் அவன் பொண்டாட்டி அருணாவும் என் வீட்டுக்குப் பின்னாலேயே கூரை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். அருணா கீழ்நாட்டுப் பெண். ஒரு வருஷம் ஆகியும் இளம் பயிரில் கேழ்வரகு எது சாமை எது என்று தெரியாது. தப்பாகச் சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

போனில் பேசக் கூடாதா என்று கேட்காதே. பாறை மேல் ஏறினால்தான் டவர். ஏறி நின்று கத்தினால் உனக்குக் கேட்கிறதோ இல்லையோ ஊருக்கே கேட்கிறது. கடிதம்தான் நமக்கு. உன் வேலை என்ன என்று விளக்கமாக எழுது. "கம்ப்யூட்டர்ல வேலை" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

உன்
திரௌபதி


சென்னை
25.2.2024

அன்புள்ள திரௌபதி,

கவரைப் பார். "மடுவு" என்று எழுதி அடியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். போதுமா தாயே? அந்த அம்மாவிடம் சொல், முத்தத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

வேலையைப் பற்றிக் கேட்டாய். நாங்கள் ஒன்பது பேர் ஒரு டீம். எட்டு ஆண்கள், நான். சுவேதா என்று இன்னொருத்தி இருந்தாள். டிசம்பரில் போய்விட்டாள். போகும்போது தன் மேசை விசிறியை என் மேசையில் வைத்து, "உனக்குத் தேவைப்படும்" என்றாள். 

யாரும் கெட்டவர்கள் இல்லை, அதனால்தான் எழுதவே கஷ்டமாக இருக்கிறது. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. பிறந்தநாள் கேக்குக்கு என்னைச் சொல்வார்கள். மீட்டிங் முடிந்ததும் என்ன பேசினோம், என்ன முடிவு என்று எழுதி எல்லாருக்கும் அனுப்ப என்னைச் சொல்வார்கள். அரசாங்க ஆட்களும் படிப்பதால் அது தமிழில் போக வேண்டும். "உன் தமிழ் நல்லா இருக்கும்மா, நீயே எழுதிடு" என்றார் பூபாலன் சார். டீமுக்குத் தலைவர், போளூர்க்காரர். முதல் நாள் பெருமையாக இருந்தது. இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. எழுதுகிறவளால் பேச முடியாது திரௌபதி. குனிந்து ஒரு வரி எழுதி நிமிர்வதற்குள் பேச்சு அடுத்ததற்குப் போயிருக்கும்.

முக்கியமான முடிவெல்லாம் கீழே டீக்கடையில் ஆகிறது. எட்டு பேரும் சிகரெட்டுக்கு இறங்குவார்கள். திரும்பி வந்ததும் "அதான் பேசினோமே" என்பார்கள். அந்தப் பேச்சில் நான் இல்லை. ஒரு தடவை நானும் கூடவே இறங்கிப் போய் நின்றேன். எல்லாரும் திடீரென்று கிரிக்கெட் பேசினார்கள்.

போன மாதம், "மலையில் டவர் விட்டு விட்டு வரும், அதனால் செய்தியைப் போனே வைத்திருந்து டவர் கிடைத்ததும் அனுப்பட்டும்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து கோகுல்ராஜ் அதையே சொன்னான். "சூப்பர்டா" என்று மேசையைத் தட்டினார்கள். நான் குனிந்து எழுதினேன்: "யோசனை: கோகுல்ராஜ்." என் கையாலேயே எழுதினேன்.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். மலை என்றேனே, நம்ம மலைதான்! "மலைவண்டி" என்று ஓர் ஆப் செய்கிறோம். புதூர்நாட்டில் ஒரு ஜீப், ஜமுனாமரத்தூரில் ஒரு ஜீப். பிரசவமோ பாம்புக்கடியோ, ஊருக்கு ஒரு தொண்டர், அவர் கையில் ஒரு போன். ஊர்ப் பேரைத் தொட்டால் கிட்டத்தில் இருக்கும் ஜீப் கிளம்பும். இனிமேல் யாரையும் கம்பில் தொட்டில் கட்டி மலையிறங்கத் தூக்க வேண்டாம். இதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். உன் ஊருக்குத் தொண்டராக உன் பேரைக் கொடுக்கட்டுமா?

உன்
அன்பரசி


மடுவு நெல்லிக்கொல்லை
24.3.2024

அன்புள்ள அன்பரசி,

கொடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் பேரையும் கொடுத்துவிட்டாய், ஆள் வந்து கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். மே மாதம் போன் தருவார்களாம். ஊரில் என் மவுசைக் கேட்காதே. பஞ்சாயத்தில் நாற்காலி போடுகிறார்கள்.

உன் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஹாஸ்டலில் வார்டன் சோற்றைக் குறைத்தபோது தட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கே போனவள் நீ. நாங்கள் இருபது பேர் உன் பின்னால் வந்தோம். அந்த அன்பரசி எங்கேடி போனாள்? எட்டு ஆம்பளைகளைப் பார்த்து வாய் ஒட்டிப் போச்சா? கேக் வாங்க மாட்டேன் என்று ஒரு நாள் சொல்லிப் பார். வானம் இடிந்து விழாது.

இன்னொரு சேதி. அருணா முழுகாமல் இருக்கிறாள். அக்டோபர் என்று நர்சம்மா சொன்னார். புளி உலுக்குகிற நேரம், நாள் பூராவும் மரத்தடியில் உட்கார்ந்து பச்சைப் புளியை உப்பு தொட்டுத் தின்கிறாள். சின்னதம்பி அவளைக் கிணற்றடிக்குக்கூட விடுவதில்லை.

ஒன்று கேட்க மறந்தேன். உன் ஆப்புக்கு நெல்லிக்கொல்லை ரெண்டு என்று தெரியுமா? உன் கடிதம் போன மாதிரி ஜீப்பும் மேட்டுக்குப் போய் நின்றால் என் மானம் போய்விடும்.

உன்
திரௌபதி


சென்னை
14.4.2024

அன்புள்ள திரௌபதி,

நீ பயந்தது பலித்துவிட்டது. இதை யாரிடமும் சொல்ல முடியாமல் உனக்கு எழுதுகிறேன்.

போன புதன்கிழமை ஊர்ப் பட்டியல் மீட்டிங். கோகுல்ராஜ் திரையில் காட்டினான். "ஒரே பேரு ரெண்டு வாட்டி வந்திருக்கு, மொத்தம் ஏழு. ரெட்டிப்பு. ஒன்னு விட்டு ஒன்னை எடுத்துட்டேன்" என்றான். ஏழில் ஒன்று நெல்லிக்கொல்லை. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தது பட்டியலில் முன்னால் இருந்ததால் மேட்டை வைத்துக்கொண்டு உன் மடுவை எடுத்துவிட்டான்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "சார், அது ரெட்டிப்பு இல்லை. ரெண்டு ஊர். நடுவுல பள்ளத்தாக்கு இருக்கு" என்றேன்.

பூபாலன் சார் சிரித்தார். "நானும் மலையடிவாரத்துக்காரன்தாம்மா. எங்க வூட்டு மாடியில நின்னா மலை முழுக்கத் தெரியும். நெல்லிக்கொல்லை ஒன்னுதான் நான் கேள்விப்பட்டது."

"என் சிநேகிதிக்கு நான் எழுதின லெட்டரே மாறிப் போச்சு சார்" என்றேன்.

அதுதான் தப்பு. "இன்னாது, லெட்டரா?" என்று ஒருத்தர் கேட்டார். ஆப் செய்கிற பெண் தபாலில் லெட்டர் எழுதுகிறாளாம். எட்டு பேரும் சிரித்தார்கள். புறாவை வைத்து அனுப்புவாயா என்றார்கள். சிரித்து முடித்தபோது திரையில் அடுத்த பக்கம் வந்திருந்தது.

நாங்கள் எழுதுகிற குறிப்பில் மூன்று வரி உண்டு. பொருள், முடிவு, மறுப்பு. என் இடத்துக்குப் போய் எழுதினேன்: "மறுப்பு: அன்பரசி. நெல்லிக்கொல்லை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன." அனுப்புவதற்கு முன் பூபாலன் சார் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நாற்காலி முதுகில் கை வைத்திருந்தார், அவ்வளவுதான். "எழுதுறவங்க தன் பேரைத் தானே போட்டுக்கறது நல்லாருக்காதும்மா. மேல படிக்கிறவங்க டீம்ல சண்டைன்னு நினைப்பாங்க. எடுத்துடு. கோகுல்கிட்ட சொல்லி நான் சரி பண்ண வெக்கிறேன்."

அழித்தேன். "மறுப்பு: இல்லை" என்று அடித்தேன். அனுப்பும் வரை அங்கேயே நின்றார். அனுப்பியதும் "தேங்க்ஸ்ம்மா" என்றார்.

கழிப்பறைக்குப் போய் அழலாம் என்றால் எங்கள் தளத்தில் பெண்களுக்கு இல்லை. மேல் தளத்துச் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும். அவர் சாவியைத் தேடிக் கொடுப்பதற்குள் அழுகையே நின்றுவிட்டது.

தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் எங்கே என்று கேட்டாயே. அன்றைக்கு என் பின்னால் இருபது பேர் இருந்தீர்கள்.

உன்
அன்பரசி


மடுவு நெல்லிக்கொல்லை
5.5.2024

என் அன்பரசி,

படித்துவிட்டு அழுதேன். அருணா பயந்து என்ன ஏது என்று கேட்டாள். சொன்னேன். "அவங்க டீக்கடையில அந்தக்கா போய் உட்கார்ந்து நாலு வடை துன்ட்டு வரட்டும் அண்ணி, யாரு கேப்பாங்க" என்றாள். செய்து பார்.

ஆனால் இதை விடாதே. உன் மானத்துக்காகச் சொல்லவில்லை, எங்கள் உயிருக்காகச் சொல்கிறேன். போன் வந்துவிட்டது. ஜூன் பத்தாம் தேதி முதல் வண்டி ஓடுமாம். நான் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். இதுவரை கோவிந்தன் அண்ணன் ஜீப்தான் எங்களுக்கு. மாசமாக இருக்கிறவர்கள் வீட்டில் நாள் நெருங்கினால் அவர் ஜீப்பைப் புதூர்நாட்டை விட்டு எடுக்க மாட்டார். இனிமேல் கம்பெனி வண்டி வரும், நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்று அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும். சொல்லலாமா? என் ஊர் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது, நான் அண்ணனை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

அருணா உனக்கு ஒரு வரி எழுதணுமாம்.

அக்கா வணக்கம் வண்டியில ஏசி இருக்குமா எனக்கு ஜீப்ல போனா வாந்தி வரும். அருணா

உன்
திரௌபதி


சென்னை
2.6.2024

அன்புள்ள திரௌபதி,

அவசரமாக எழுதுகிறேன், வெளியீட்டு வேலை கழுத்து வரை இருக்கிறது. கவலையே படாதே. நெல்லிக்கொல்லை ரெண்டும் இருக்கும். நான் பார்த்துக்கொண்டேன். விடுவேனா நான்? கோவிந்தன் அண்ணனிடம் தைரியமாகச் சொல்.

அருணாவிடம் சொல்: ஏசி இல்லை, ஜன்னல் ஓரம் உண்டு. எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்.

உன்
அன்பரசி


மடுவு நெல்லிக்கொல்லை
20.10.2024

அன்பரசிக்கு,

அருணா போய்விட்டாள். பன்னிரண்டு நாள் ஆகிறது.

நடந்ததை ஒரு தடவைதான் என்னால் எழுத முடியும்.

எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலையில் எட்டு மணிக்கு வலி கண்டது. மழை இல்லை, வழி காய்ந்திருந்தது. போனை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினேன். பட்டியலில் நெல்லிக்கொல்லையைத் தொட்டேன். "வண்டி புறப்பட்டது" என்று வந்தது. அதைப் படித்துக்கொண்டே கீழே இறங்கி வந்தேன். "முக்கா மணி நேரத்துல வந்துடும்டி" என்றேன். அருணா தலை வாரி, மஞ்சள் சேலை கட்டி, எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வண்டியில் போகிறோம் என்று அவளுக்கு ஒரு சந்தோஷம்.

ஒன்பது ஆனது, பத்து ஆனது. வீட்டில் டவர் இல்லை, அவளை விட்டுவிட்டு மறுபடி பாறைக்கு ஏற எனக்கு மனசு வரவில்லை. "அண்ணி, மலைவண்டி மலையில எங்கியாச்சும் பழம் பொறுக்குதா" என்று சிரித்தாள். பத்தரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊர் மருத்துவச்சி பச்சையம்மா அத்தைதான் பிரசவம் பார்த்தார். குழந்தை நன்றாக அழுதது. ஆனால் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை.

சின்னதம்பி பாறைக்கு ஓடிக் கோவிந்தன் அண்ணனைக் கூப்பிட்டான். அவர் சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு ஆலங்காயத்தில் இருந்தார். "இப்பதான் யாரும் என்னைக் கூப்பிடறதில்லையேப்பா" என்று அழுதாராம். மூட்டைகளை ரோட்டிலேயே தள்ளிவிட்டு வந்தார். பன்னிரண்டரைக்கு ஏற்றினோம். கீழே மூணாவது வளைவில் தண்ணீர் கேட்டாள். அவ்வளவுதான்.

அப்புறம்தான் தெரிந்தது. வண்டி ஜமுனாமரத்தூரில் இருந்து கிளம்பி மேட்டு நெல்லிக்கொல்லைக்குப் போயிருக்கிறது. "தொண்டர் திரௌபதி யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். உன் கடிதத்தை வைத்திருந்த அந்த அறுபது வயசு அம்மா வெளியே வந்து நின்றதாம். அரை மணி நேரம் காத்திருந்து, பொய்த் தகவல் என்று எழுதிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள்.

என் போனில் ஒரே ஒரு நெல்லிக்கொல்லைதான் இருந்தது அன்பரசி. ஜூன் பத்தாம் தேதி பட்டியல் போனில் வந்ததுமே பார்த்தேன். நீ ரெண்டும் இருக்கும் என்று எழுதியிருந்தாய். அதனால் என் போனில் என் ஊரை மட்டும் காட்டுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னதம்பி என்னிடம் பேசுவதில்லை. "நீதானே நம்பச் சொன்னே" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். குழந்தை என்னிடம்தான் இருக்கிறது.

விசாரணை இருக்கிறதாம். தொண்டர் ஊரைத் தப்பாகத் தொட்டுவிட்டார் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. என்ன நடந்தது என்று எனக்கு எழுது.

திரௌபதி


சென்னை
3.11.2024

திரௌபதி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

பட்டியலை அவர்கள் சரி செய்யவே இல்லை. கோகுல்ராஜிடம் மூன்று தடவை கேட்டேன். "அக்கா, அடுத்த வெர்ஷன்ல" என்றான். பூபாலன் சாரிடம் ஒரு தடவை கேட்டேன். "ஒரே பாட்டைப் பாடறியேம்மா" என்றார். அதற்கப்புறம் கேட்கவில்லை. ஜூன் மாதம் உனக்கு எழுதியபோது இன்னும் எட்டு நாள் இருந்தது, எப்படியாவது செய்ய வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வெளியீட்டு அன்று பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. உனக்கு எழுத வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் நாளைக்கு என்று விட்டேன்.

இப்போது பூபாலன் சார் ஒரு தாளை நீட்டுகிறார். ஊர்ப் பட்டியலைச் சரிபார்த்தது மலையைத் தெரிந்த அன்பரசிதான், பயிற்சியில் தொண்டர்களுக்கு எல்லாம் விளக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்கிறார். போட மாட்டேன் என்றேன். "மறுப்பு இல்லைன்னு நீதானேம்மா எழுதியிருக்கே" என்றார். குறிப்பை எடுத்துக் காட்டினார். தேதி இருக்கிறது, என் பேர் இருக்கிறது. எட்டு பேரில் ஒருத்தர்கூட நான் எழுந்து நின்றதை ஞாபகம் வைத்திருக்கவில்லை. புறா மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நான் மறுத்தேன் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. ஏப்ரலில் உனக்கு எழுதிய கடிதம். கவரில் தபால் முத்திரையோடு தேதி இருக்கும். அதை விசாரணையில் கொடு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஜூன் கடிதத்தை மட்டும் வெளியே எடுக்காதே. அதைப் பார்த்தால், இவளே சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள் என்று முழுப் பழியையும் என் மேல் போட்டுவிட்டு அவர்கள் எட்டு பேரும் தப்பித்துவிடுவார்கள்.

அருணாவை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எலுமிச்சம்பழம் என்று நான் எழுதினேனே.

அன்பரசி


மடுவு நெல்லிக்கொல்லை
24.11.2024

அன்பரசிக்கு,

போன வாரம் கூப்பிட்டிருந்தார்கள். விசாரித்தது அரசாங்கத்தில் இருந்து வந்த ஒரு அம்மா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். சின்னதம்பியும் வந்து ஒரு ஓரமாக நின்றான். கம்பெனியில் இருந்து ரெண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருத்தர் என்னைப் பார்த்து, "படிக்காதவங்க கையில போன் குடுத்தா இப்படித்தாம்மா" என்றார். நான் பிளஸ் டூவில் ஆயிரத்துப் பதினாலு மார்க் என்று சொல்லவில்லை.

உன் கடிதங்களைக் கொடுத்துவிட்டேன். ரெண்டையும்.

ஏன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஏப்ரல் கடிதத்தை மட்டும் கொடுத்தால் அந்த அம்மா என்னைப் பார்த்து என்ன கேட்பார்? "பட்டியல்ல உங்க ஊரு இல்லைன்னு ஏப்ரல்லயே தெரியும். தெரிஞ்சும் எதுக்கு அதை நம்பிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?" என்று கேட்பார். அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. அது உன் ஜூன் கடிதம். அதை மறைத்தால் அருணாவைக் கொன்றது நான் என்று ஆகும். நான் ஆகும், அன்பரசி. அவர்களும் இல்லை, நீயும் இல்லை. கும்பிட்டுக் கேட்கிறேன் என்று எழுதினாயே, அப்போது இதை யோசித்தாயா, யோசிக்கவில்லையா? ரெண்டில் எது உண்மை என்றாலும் எனக்கு வலிக்கிறது.

ஒன்றை வைத்து ஒன்றை எடுப்பது உன் டீம்காரர்கள் செய்கிற வேலை. எனக்கு அது வராது.

அந்த அம்மா ரெண்டையும் சத்தமாகப் படித்தார். ஏப்ரல் கடிதம் படிக்கும்போது கம்பெனிக்காரர்கள் ரெண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். ஜூன் கடிதம் படிக்கும்போது சின்னதம்பி என்னைப் பார்த்தான். ஒன்றரை மாதத்தில் முதல் தடவை. வெளியே வந்து குழந்தையை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டான்.

உன்னை அவர்கள் பேச விடவில்லை. சரி. எட்டு பேர் முன்னால் வாய் அடைத்துப்போனது எனக்குப் புரிகிறது. நாற்காலிக்குப் பின்னால் ஒருத்தன் நின்றான், அழித்தாய், அதுவும் புரிகிறது. அதற்காக அழுதவள் நான். இல்லை என்றால் இல்லை என்று எழுது என்று உன்னிடம் கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை.

ஜூன் மாதம் எனக்கு எழுதும்போது உன் நாற்காலிக்குப் பின்னால் யாருடி நின்றது?

திரௌபதி


சென்னை
8.12.2024

அன்புள்ள திரௌபதி,

நீ ரெண்டையும் கொடுத்தது சரி. முதலில் கோபம் வந்தது. அப்புறம் உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். நீ கேட்டது உண்மை, நான் யோசிக்கவில்லை. என்னைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்களோடு ரெண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்ததில் அதையும் கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது.

போன திங்கட்கிழமை என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டிங், புறா, நாற்காலி, அழித்தது. அப்புறம் யாரும் கேட்காமலே, வெளியீட்டு அன்றே ஒரு நெல்லிக்கொல்லைதான் இருந்தது என்பது எனக்குத் தெரியும் என்றேன். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "தெரிஞ்சும் சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை இன்னொருத்தர் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வேலை போய்விட்டது. பூபாலன் சார் அங்கேயேதான் இருக்கிறார், வேறு டீமுக்கு மாற்றியிருக்கிறார்கள். பட்டியலில் இப்போது ரெண்டும் இருக்கிறது. "நெல்லிக்கொல்லை (மேட்டு)", "நெல்லிக்கொல்லை (மடுவு)". நான் கிளம்பும் நாளில் கோகுல்ராஜ் என் எதிரிலேயே மாற்றினான்.  நாலு நிமிஷம் ஆனது. அந்த நாலு நிமிஷத்தை எண்ணிக்கொண்டு நின்றிருந்தேன். மேசை விசிறியைக் கொடுக்க அடுத்த பெண் யாரும் இல்லை, அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். யாரும் நிற்கவில்லை திரௌபதி. ஹாஸ்டல் மாதிரி ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் மட்டும் இருந்தேன். "இல்லை" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ ஊரெல்லாம் என் பேரைச் சொல்லிப் பெருமையாகத் திரிகிறாய், பஞ்சாயத்தில் நாற்காலி போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறவள் உலகத்தில் நீ ஒருத்திதான். உன்னிடமாவது ஜெயித்தவளாக இருக்க ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு அருணாவை விலையாகக் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்னிடம் செய்ததை நான் உன்னிடம் செய்தேன். நீ சொன்னதைக் காதில் வாங்காமல், நல்ல வார்த்தை நாலு சொல்லி உட்கார வைத்தேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வாய் இல்லை. தையில் வருகிறேன். கோவிந்தன் அண்ணன் ஜீப்பில் புதூர்நாடு வரை வந்து, அங்கிருந்து நடந்து வருகிறேன். சின்னதம்பி அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். குழந்தையைத் தூரத்தில் இருந்து காட்டினால் போதும். வரலாமா? ஒரு வரி எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது.

உன்
அன்பரசி


கவரின் முகப்பில்:

பதிவுத் தபால்
மடுவு நெல்லிக்கொல்லை
புதூர்நாடு வழி
திருப்பத்தூர் மாவட்டம்
திரௌபதி லட்சுமணன் அவர்களுக்கு

கவரின் பின்புறம், தபால்காரர் கையெழுத்தில்:

17.12.2024. முகவரி சரி. பெறுநர் நேரில் பார்த்தார். வாங்க மறுப்பு. அனுப்பியவருக்கே திருப்பவும்.